இமைக்கட்டிக்கு வீட்டுச் சொட்டு மருந்தா?

திருவனந்தபுரம் வலியசாலையின் ஒட்டு வீடுகளிலும் பக், ஷிட்சூ, பீகிள் நாய்க்குட்டிகள் குடியேறிவிட்டன. குட்டியின் இமையில் ஓர் உருண்டை தெரிந்தால் முதலில் எழும் கேள்வி, "நமக்குக் கண்கட்டி வந்தப்போ வாங்கின மருந்து மிச்சம் இருக்கோ?" என்பதுதான். இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப் இருக்கவே இருக்கிறது.

வம்பு அந்தச் சின்ன பாட்டிலில்தான். மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். விட்டதும் சிவப்பு வடியும், வீட்டில் நிம்மதி. ஆனால் கட்டி உரசியோ, குட்டி காலால் தேய்த்தோ கருவிழியில் புண் விழுந்திருந்தால், ஸ்டீராய்டு அதை ஆறவிடாது. புண் ஆழமாகி விழியில் ஓட்டையே விழலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் ஃப்ளூரசின் சாயம் விட்டுப் பார்க்கிறார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

அடுத்து இமையைப் புரட்டிப் பார்ப்பார். சிலசமயம் 'கட்டி'க்குக் கால்கள் இருக்கும், ரத்தம் குடித்து ஊதிய உண்ணி! இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகளை 1666இல் ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். அவற்றின் வாய் அடைபட்டு எண்ணெய் கெட்டியானால் வருவது கலேசியான். பெரும்பாலும் வலிக்காது, இமையின் உட்புறம் மஞ்சளாகத் தெரியும். வலித்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். மயிர் உதிர்ந்து செக்கச்செவேலென்று நிற்கும் உருண்டை, இளம் நாய்களுக்கே அதிகம் வரும் ஹிஸ்டியோசைட்டோமா என்ற கட்டியாக இருக்கக்கூடும். ஊசியால் செல் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சுருங்கிவிடும், கத்தி வேண்டாம்.

கலேசியான் கரையாவிட்டால் மயக்கம் கொடுத்து, கவ்வியால் இமையைப் புரட்டி, உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். பொதுவாகத் தையல் இல்லை. விளிம்போடு ஆப்பு வடிவில் வெட்ட நேர்ந்தால், இமை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை நேரடியாகத் தைத்துவிடலாம். முடிச்சு கருவிழியில் உரசாதபடி எட்டு வடிவில் தைப்பதில்தான் கைத்திறன். புண் ஆறும்வரை கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாயம்.

கண்ணோரம் செர்ரிப் பழம்போல் பிதுங்குவது கட்டியே அல்ல, இடம் பெயர்ந்த மூன்றாம் இமைச் சுரப்பி. கண்ணீரில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. வெட்டி எறிந்தால் பின்னாளில் கண் வறண்டுபோகலாம். உள்ளே தள்ளித் தைப்பதே முறை.

சின்னக் கட்டிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் போதும் என்பாரும் உண்டு. சரிதான், ஆனால் மருத்துவர் பார்த்த பிறகு. திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் அரசின் பல்துறைக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஏற்கெனவே ஏதாவது சொட்டு விட்டிருந்தால், மறைக்காமல் அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.