ஏழ்மை காத்த தேவாலயம்

சாவி ஒரு வீட்டு வாசல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. எடுத்துப்போய்த் திறந்து பார்த்துவிட்டு, மறக்காமல் பூட்டி, அதே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். 1,300 ஆண்டுகளுக்கும் மேலான கட்டடத்தை முன்பின் தெரியாத ஒருவர் கையில் இப்படி நம்பி ஒப்படைக்கிறார்களே என்று, பெரிய இரும்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் மாவட்டத்தில், வியர் ஆற்றை ஒட்டிய சிற்றூர் எஸ்கோம்ப். டார்லிங்டனில் ரயில் ஏறினால் பிஷப் ஆக்லண்ட் கடைசி நிறுத்தம்; அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர். மழை விட்டுவிட்டுத் தூறியது, நடந்தே போனேன். கூரை வேய்ந்த வீடு, வாசலில் ரோஜாக்கொடி என்று நாள்காட்டிப் படங்களில் வரும் கிராமத்தை எதிர்பார்த்து இங்கே வரக்கூடாது. இது நிலக்கரிச் சுரங்கச் சீமை. தேவாலயத்தைச் சுற்றி நிற்பவை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த எளிய குடியிருப்புகள். அவற்றுக்கு நடுவே வட்டமாக ஒரு மதில், மதிலுக்குள் புல்லும் கல்லறைகளும், அவற்றின் மத்தியில் கோபுரம் இல்லாத, உயர்ந்து ஒடுங்கிய ஒரு கல் கட்டடம். புனித யோவான் தேவாலயம்.

இதைக் கட்டிய காலம் கி.பி. 675ஐ ஒட்டி இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அன்றைய ஆங்கிலோ-சாக்சன் மக்களுக்கு மரத்தில்தான் கட்டத் தெரியும். கல்லில் கட்டும் கைத்தொழில் அந்தப் பக்கத்தில் அப்போதுதான் கால் ஊன்றியது. 674இல் மங்க்வியர்மவுத்தில் மடம் எழுப்பிய பெனடிக்ட் பிஸ்கப், அதற்காகக் கடல் கடந்து, இன்றைய பிரான்ஸ் பகுதியான ‘கால்’ நாட்டிலிருந்து கொத்தர்களையும் கண்ணாடி செய்பவர்களையும் வரவழைத்தார். எஸ்கோம்பில் 1968இல் தோண்டிப் பார்த்தபோது பழைய வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. எளிய சிற்றூர் ஆலயத்திலும் அன்றைக்கே கண்ணாடி ஜன்னல் இருந்திருக்கிறது. ஆனால், அந்த நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றை எழுதிய பீட் துறவி, பக்கத்து ஜாரோ மடத்திலேயே வாழ்ந்தவர், இந்த ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு ஓலையும் இல்லை, ஏடும் இல்லை. கல்லைத்தான் கேட்க வேண்டும்.

கல் பேசத்தான் செய்கிறது. சாவி கையில் இருந்தும் கதவைத் திறக்காமல் முதலில் வடக்குச் சுவர்ப் பக்கம் போனேன். பெரிய பெரிய சதுரக் கற்கள், சில ஒரு ஆள் தூக்க முடியாதவை. பலவற்றின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக, வைர வடிவில் உளிக்கோடுகள். ஒரு கோட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். மழைநீர் தேங்கிய பள்ளத்துக்குள் நகம் இறங்கியது. இது சாக்சன் கொத்தரின் கைவேலை இல்லை, அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்திய ரோமானியக் கல்தச்சரின் உளி. இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பின்செஸ்டரில் ரோமானியக் கோட்டை ஒன்று இருந்தது. கி.பி. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு அகன்றது. கேட்பாரற்றுக் கிடந்த கோட்டையிலிருந்து செதுக்கிய கற்களை வண்டியேற்றி வந்து, கடவுளுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள்.

அதே சுவரில் ஒரு கல்லில் எழுத்து இருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் படிக்க முடியும், கல் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. ‘லெக்’ என்று மூன்று லத்தீன் எழுத்து, பக்கத்தில் ரோமானிய எண் ஆறு. ஆறாம் படையணி. கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்து யார்க் நகரில் பாசறை கொண்டிருந்த படை அது. கல்லை வைத்த கொத்தருக்கு எழுத்துத் தெரியாதிருக்கலாம். தெரிந்தும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். எனக்கென்னவோ, அந்தக் கல் அந்த இடத்துக்கு அந்த வாக்கில்தான் கச்சிதமாக உட்கார்ந்தது, அவரும் மேற்கொண்டு யோசிக்காமல் அடுத்த கல்லை எடுக்கப் போய்விட்டார் என்று தோன்றுகிறது. ஒரு பேரரசின் பெருமை இன்னொருவருக்கு நல்ல கட்டுமானக் கல்லாக மிஞ்சியதை இவ்வளவு அருகில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உள்ளே இருட்டு பழகச் சற்று நேரம் பிடித்தது. அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளம், அகலத்துக்குப் பொருந்தாத உயரம். சாக்சன் காலத்து ஜன்னல்கள் சின்னஞ்சிறியவை, எட்டாத உயரத்தில் இருப்பவை. வெளியே சிறுத்து உள்ளே விரிவதால், கொஞ்ச வெளிச்சமும் பரவலாக வந்து விழுகிறது. கீழே உள்ள பெரிய ஜன்னல்கள் பின்னால் வந்தவர்கள் திறந்தவை. அவை இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. பலிபீடத்துக்கு முன்னே ஒற்றை வளைவு நிற்கிறது. அதன் கற்கள் பொருந்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்து, ரோமானிய வளைவு ஒன்றையே கழற்றிக் கொண்டுவந்து இங்கே திரும்பக் கோத்திருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வளைவின் அடிப்பக்கத்தில் இடைக்காலத்து வண்ணப்பூச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது எப்படித் தப்பியது என்பதுதான் என்னை இந்த ஊருக்கு இழுத்துவந்த கேள்வி. 1066க்குப் பிறகு வந்த நார்மானியர் சாக்சன் ஆலயங்களை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பின்னாளில் ஆட்டுரோம வணிகத்தில் செழித்த ஊர்கள் பழைய சுவர்களைப் பெயர்த்துக் கோபுரங்களை உயர்த்தின. எஸ்கோம்பில் அதற்குப் பணம் இருக்கவில்லை. பெரிதாக்க ஆளில்லை, அழகுபடுத்த ஆளில்லை. நெருக்கடி வந்தது 1863இல். பெருகிவிட்ட சபைக்குப் போதவில்லை என்று புது ஆலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். விளக்கேற்ற ஆளின்றிப் பழையது பாழடைந்தது. இதன் அருமை சிலருக்கு உறைத்து 1875க்கும் 1880க்கும் இடையில் செப்பனிடாமல் இருந்திருந்தால், இந்தக் கற்கள் மூன்றாவது முறையாக யார் வீட்டுச் சுவருக்காவது போயிருக்கும். அந்தப் புது ஆலயம் 1970களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. சபை மறுபடி இங்கேதான் கூடுகிறது. அலங்காரமான பேராலயங்கள் பலவற்றில் தோன்றாத ஒரு நன்றியுணர்ச்சி, இங்கே பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குள் பொங்கியது. இந்த ஊரின் வறுமைக்கு நான் நன்றி சொன்னேன், அந்த வறுமையைப் பட்டவர்கள் வெளியே புல்லுக்கடியில் படுத்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு.

வெளியே தெற்குச் சுவரில் மேலே ஒரு சூரியக் கடிகாரம். பாம்புபோல் வளைந்த உருவம் ஒன்று அதன்மேல் கவிந்திருக்கிறது. மணிகள் குறிக்கப்படவில்லை, மூன்றே கோடுகள். பகலை நாலு துண்டாக்கினால் வழிபாட்டு வேளைக்குப் போதும். நான் பார்த்தபோது மேகம், நிழல் விழவில்லை.

பூட்டிவிட்டுச் சாவியை மாட்டப் போனேன். ஒரு முதிய தம்பதி, கையில் குடையோடு, வெறும் கொக்கியைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். சாவியை அந்த அம்மா கையில் கொடுத்தேன். கதவைத் திறக்கும் முன் வடக்குப் பக்கமாக ஒரு சுற்றுப் போய்விட்டு வரச் சொன்னேன்.