கேன்டீன்ல சிரிச்சாங்க, மேடையில சிரிக்கலையே... ஏன்? ஓப்பன் மைக் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஆபீஸ் கேன்டீனில் நீங்கள் வாயைத் திறந்தாலே டீம் மொத்தமும் சிரிக்கும். "மச்சி, நீ பேசாம ஸ்டாண்ட்-அப் பண்ணு" என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். நீங்களும் அதை நம்பி ஓப்பன் மைக்கில் பேர் கொடுத்துவிட்டீர்கள். ஞாயிறு மாலை, ஒரு கஃபேயின் மாடி, முப்பது நாற்காலி, உங்களுக்கு ஐந்து நிமிடம். கேன்டீனில் வெடித்த அதே கதையைச் சொல்கிறீர்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி: "அப்போ எனக்குக் காமெடி வராதா?" பலர் இந்தக் கேள்வியோடு மைக்கைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. "நான் சொன்னதில் எந்த வரி வேலை செய்யல?" என்பதுதான்.

கேன்டீன் வேற, மேடை வேற

"நம்ம மேனேஜர் இன்னைக்கு என்ன பண்ணார் தெரியுமா?" என்று நீங்கள் ஆரம்பிக்கும்போதே நண்பர்கள் பாதி சிரித்துவிடுவார்கள். அவர் நடை, குரல், கோபம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உங்களையும் பிடிக்கும். மேடைக்கு முன்னால் இருப்பவர்களுக்கு மேனேஜரையும் தெரியாது, உங்களையும் தெரியாது. பல வருஷப் பழக்கம் கேன்டீனில் செய்த வேலையை, மேடையில் இரண்டே வரி செய்ய வேண்டும். அந்த இரண்டு வரியை எழுதக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

சிரிப்பு எப்படி வருது?

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு விஷயம் 'இது சரியில்லையே' என்று தோன்ற வேண்டும். அதே நொடியில் 'பரவாயில்ல, ஆபத்தில்ல' என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் சேரும்போது சிரிப்பு வருகிறது என்பது அவர்கள் வாதம்.

கிச்சுகிச்சு மூட்டுவதை யோசித்துப் பாருங்கள். நண்பர் மூட்டினால் சிரிப்போம். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் மூட்டினால் அடிக்கப் போவோம். மேடையிலும் அப்படித்தான். ரொம்பப் பாதுகாப்பாகப் பேசினால் கொட்டாவி வரும், எல்லை தாண்டினால் முகம் சுளிப்பார்கள். நடுவில் இருக்கும் அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

ஒரு ஜோக்கைக் கழற்றிப் பார்ப்போம்

வாடகை வீடு தேடும் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். முதல் டிராஃப்ட் பொதுவாக இப்படித்தான் இருக்கும்:

"சென்னைல வீடு கிடைக்கிறது ரொம்பக் கஷ்டங்க. ஓனருங்க எல்லாம் பேச்சுலருக்கு வீடு தரவே மாட்டேங்கிறாங்க. வீட்டுல வேற பொண்ணு பார்க்கிறாங்க, அங்கயும் சொந்த வீடு இருக்கான்னு கேக்குறாங்க..."

இது புலம்பல். ஜோக் உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. இப்போது வெட்டலாம்:

"ஹவுஸ் ஓனர் சொல்றார், கல்யாணம் ஆகலைன்னா வீடு கிடையாது. பொண்ணு வீட்டுல சொல்றாங்க, வீடு இல்லைன்னா கல்யாணம் கிடையாது."

முதல் வாக்கியம் 'செட்-அப்', அதாவது கேட்பவர் மனதில் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்குவது. இரண்டாவது 'பஞ்ச்', அந்த எதிர்பார்ப்பைத் திருப்பிப் போடுவது. சிரிக்க வைக்கும் விஷயம் கடைசியில் வரவேண்டும். அதற்குப் பிறகும் பேசிக்கொண்டே இருந்தால், வரும் சிரிப்பின் மேல் நீங்களே ஏறி மிதிக்கிறீர்கள்.

சிரிப்பு அடங்கும் நேரத்தில் இன்னொரு வரி: "இப்போ ரெண்டு பேரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்து விட்டுட்டேன். நீங்களே பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க." புதுக் கதை எதுவும் சொல்லாமல் அதே விஷயத்தில் இரண்டாவது சிரிப்பு. இதற்கு 'டேக்' என்று பெயர்.

போன் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க

ஒவ்வொரு முறையும் உங்கள் ஐந்து நிமிடத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எங்கே சிரித்தார்கள், எங்கே அமைதி, எங்கே நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று ஸ்கிரிப்டில் குறியுங்கள். சிரிப்பு வராத இடத்தில் ஒரு வரியை வெட்டுங்கள், அல்லது ஒரு வார்த்தையை மாற்றுங்கள். மூன்று நான்கு வெவ்வேறு கூட்டத்திடம் சொல்லிப் பார்க்காமல் ஒரு ஜோக்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருநாள் அமைதிக்கு மழை, மோசமான மைக், தூக்கக் கலக்கம் என்று பல காரணங்கள் இருக்கலாம்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டையோ, இன்னொருவர் ஜோக்கையோ மேடையில் சொல்லாதீர்கள். ஓப்பன் மைக் வட்டம் சின்னது. ஒருமுறை பேர் கெட்டால், திரும்பச் சம்பாதிப்பது கஷ்டம்.

யாரை வெச்சுச் சிரிக்கிறோம்?

சிரிப்பு வராதபோது கை முதலில் போவது நிறம், உடம்பு, மனைவி, ஊர்ப்பேச்சு ஆகியவற்றின் மேல்தான். கூட்டம் சிரிக்கலாம். ஆனால், மூன்றாவது வரிசையில் அதே நிறத்தோடு, அதே உடம்போடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் கேட்டுச் சலித்த ஜோக் அது. ஆளைக் கேலி செய்வதற்குப் பதில், அந்த ஆளைப் பார்த்து நீங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக் கதைக்கும் இதே கவனம் தேவை. அப்பாவின் கடனையோ தங்கையின் கல்யாணப் பேச்சையோ மேடையில் வைத்தால், அடுத்த வாரம் அது ரீல்ஸாக அவர்கள் போனுக்கே வரும். சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எத்தனை நாள் ஆகும்?

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் 2007-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் ஒரு கணக்கு சொல்கிறார். 18 வருட ஸ்டாண்ட்-அப் வாழ்க்கையில், கற்றுக்கொள்ள 10, மெருகேற்ற 4, பெரும் வெற்றியோடு இருந்தது 4. 'சைன்ஃபெல்ட்' தொடரால் உச்சத்துக்குப் போன ஜெர்ரி சைன்ஃபெல்ட், பழைய ஜோக்குகளை ஓரங்கட்டிவிட்டுச் சின்னச் சின்ன கிளப்களில் புதிதாக ஆரம்பித்தார். 2002-ல் வந்த 'காமெடியன்' ஆவணப்படத்தில் அவரே மேடையில் வரி மறந்து தடுமாறுவதைப் பார்க்கலாம்.

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. சாஃப்ட்வேர் வேலையிலிருந்து மேடைக்கு வந்த அலெக்ஸாண்டர் பாபு, பாட்டையும் பேச்சையும் கலந்து தனக்கென ஒரு பாணியை உருவாக்கினார். அவருடைய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் அமேசான் பிரைமில் வெளியானது. இதைப் பார்த்து உடனே ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். ஓப்பன் மைக்கில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. மாதச் சம்பளம் இருக்கும்வரை, தோற்பதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதுவே பெரிய வசதி.

அந்த ஏசி சத்தம் மறுபடியும் கேட்கும், நிச்சயமாக. அடுத்த முறை கேட்டால் பயப்படாதீர்கள். எந்த வரிக்குப் பிறகு கேட்டது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் திருத்த வேண்டிய வரி அதுதான்.