அறுபது நாள் கூலியும் ஆண்டுக்கு ஒரு டியூப் பற்பசையும்

சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. தென்காசி மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 14 லட்சம். ஆண்டுக்கு 18,000 பிரசவம் என்று வைத்துக்கொண்டால் 25 குழந்தைகள். பதினெட்டு வயது வரை கூட்டினால் 450. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததுதான் காரணம் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பொய். கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள் சேர வேண்டிய திசுக்கள் சேராமல் போவதால் வருவது இது. பெற்றவள்மேல் பழி போடுவது கொடுமை.

2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தை நலப் பரிசோதனைத் திட்டம் இந்தக் குறையைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துவிடுகிறார்கள். தையல் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். பல்லின் கணக்கு அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டு ஓடுகிறது.

தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பிளவு ஈறு எலும்பு வரை போயிருந்தால், என்ன ஆகும்? தேவையான எல்லாமே திருநெல்வேலியில் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உதட்டைத் தைக்குமுன் ஈறை நெருக்கிவரும் தகடு போட்டால், வாரம் ஒருமுறை, 14 பயணம். ஒரு வயது முதல் ஒன்பது வரை ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை, 16. ஈறின் இடைவெளியில் எலும்பு வைப்பதற்கு முன் மேல்தாடையை அகட்ட மாதம் ஒன்றாக 6. பிறகு கிளிப், இரண்டு ஆண்டுக்கு 24. மொத்தம் 60. போக வர 110 கி.மீ. என்றால் 6,600 கி.மீ. இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து திருநெல்வேலிக்கு உண்டு. 2025-26-இல் நூறு நாள் வேலையின் கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் அறுபது நாளுக்குப் போவது 20,160 ரூபாய். பள்ளிப் பருவத்தில் வரும் பயணங்களை மட்டும் கூட்டினால், பிள்ளைக்கு 38 பள்ளி நாள் போகிறது.

இந்தப் பட்டியலில் வராத, மிக மலிவான ஒன்றுதான் மிக முக்கியமானது: வீட்டில் பல் தேய்ப்பது. தைத்த உதடு இறுக்கமாக இருக்கும். பிரஷ் பிளவின் ஓரத்துக்குப் போகாது. அங்கே முளைக்கும் பல் பெரும்பாலும் திருகியிருக்கும், எனாமல் மெலிந்திருக்கும், சோறு தங்கும். குழந்தையின் தலையை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலால் உதட்டை மெல்லத் தூக்கி, சின்னப் பிரஷ்ஷால் அந்த மடிப்பைத் தேய்க்க வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணியளவு பேஸ்ட் போதும், சுமார் 0.1 கிராம். நாளைக்கு இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு 73 கிராம். ஒரு 100 கிராம் டியூப்பே மிஞ்சும். அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவு, ஆண்டுக்கு இரண்டு டியூப்.

பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விடக் கூடாது. எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள், கோரைப்பல் இறங்குமுன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறின் இடைவெளியில் வைப்பார்கள். அருகில் சொத்தைப் பல்லும் சீழும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், தேதி தள்ளும். கோரைப்பல் வந்தபின் வைத்தால் எலும்பு பிடிக்கும் வாய்ப்பு குறையும்.

அந்த 16 பரிசோதனைக்குத் திருநெல்வேலி வரை போகத் தேவையே இல்லை. பல்லைப் பார்த்து ஃப்ளோரைடு பூசுவதைத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே செய்யலாம். இலஞ்சியிலிருந்து ஐந்து கி.மீ.க்குள். 1,760 கி.மீ. 160 ஆகச் சுருங்கும். 450 பிள்ளைகள் ஆண்டுக்கு இருமுறை வந்தாலும் 900 பேர். வாரத்துக்கு 18 பேர்கூட இல்லை. வாரத்தில் ஒரு காலை நேரத்தை இவர்களுக்கென்று ஒதுக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறேன். பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது முடிந்திருந்தால், எலும்பு எப்போது வைக்க வேண்டும் என்று இந்த மாதமே டாக்டரிடம் கேளுங்கள்.