பெரிய வெள்ளை டிரில்லியம்

பெரிய வெள்ளை டிரில்லியம் (டிரில்லியம் கிராண்டிஃபுளோரம்) என்பது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள இலையுதிர் காடுகளில் வளரும் பல்லாண்டுச் செடி ஆகும். இதன் இலைகள், புல்லிகள், இதழ்கள் யாவும் மும்மூன்றாக அமைந்தவை. வெண்ணிற இதழ்கள் முதிரும்போது இளஞ்சிவப்பாக மாறும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1937 ஆம் ஆண்டில் இதனைத் தனது மலராக ஏற்றுக்கொண்டது. நிழலான தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படினும், இதனை இழப்போர் பலர். இதன் மெதுவான வாழ்க்கைச் சுழற்சியை அறியாமையே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

வளர்ப்பில் எழும் சிக்கல்கள்

மரங்கள் தளிர்க்குமுன் தரையில் விழும் இளவேனில் ஒளியைக் கொண்டு இச்செடி பூக்கிறது. கோடையின் பிற்பகுதியில் தரைக்கு மேலுள்ள பகுதி வாடி மறையும். செடி இறந்ததாக எண்ணி அவ்விடத்தைக் கொத்துவதால் மண்ணுள் உறங்கும் கிழங்கு சிதைகிறது. நட்ட இடத்தில் ஒரு குச்சியை ஊன்றி வைத்தாலே போதும்.

பூவுக்குச் சற்றுக் கீழேயே மூன்று இலைகளும் அமைந்துள்ளன. எனவே பூவைத் தண்டுடன் பறித்தால் இலைகள் அனைத்தும் போய்விடும். அவ்வாண்டில் புதிய இலைகள் தோன்றுவதில்லை. கிழங்கில் உணவு சேராது. செடி தேறப் பல ஆண்டுகள் ஆகலாம், இறக்கவும் கூடும். வெண்வால் மான்கள் மேய்வதன் விளைவும் இதுவே. வேலி ஒன்றே உறுதியான தீர்வு. ஒன்ராறியோவில் இம்மலரைப் பறிப்பது எங்கும் குற்றம் என்று பலர் நம்புகின்றனர். அத்தகைய பொதுத் தடை இல்லை. ஆயினும் மாகாணப் பூங்காக்களில் செடிகளைப் பறிக்கக் கூடாது.

விதை முளைக்காமையும் அடிக்கடி கூறப்படும் குறையாகும். உலர்ந்த விதை எளிதில் முளைப்பதில்லை. பழுத்தவுடன் விதைத்தல் வேண்டும். முதற் குளிர்காலத்துக்குப் பின் வேர் மட்டுமே வெளிவரும். இரண்டாவதற்குப் பின்னரே இலை தரைக்கு மேல் தோன்றும். பூக்க 7 முதல் 10 ஆண்டுகள் வரை ஆகலாம். ஆகவே பூக்கும் பருவத்துச் செடி மிக மலிவாக விற்கப்பட்டால், அது காட்டிலிருந்து தோண்டப்பட்டதா என்று கேட்டறிவது நன்று. காட்டில் எறும்புகள் விதையிலுள்ள கொழுப்புமிக்க ஒட்டுறுப்பை உண்பதற்காக விதைகளைச் சுமந்து சென்று பரப்புகின்றன.

மேப்பிள் போன்ற மரங்களின் மேல்மட்ட வேர்கள் நீரை உறிஞ்சிவிடுவதால் அவற்றின் அடியில் மண் வறண்டு, இலைகள் முன்னதாகவே மஞ்சளாகும். மக்கிய இலைகளை இட்டு ஈரத்தைக் காக்கலாம். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

இதழ்களில் பச்சைக் கோடுகள் தோன்றுவது பைட்டோபிளாசுமா என்னும் நுண்ணுயிரியால் ஏற்படும் நோயின் அறிகுறி. இதனை அரிய வகை எனக் கருதி வளர்த்தோரும் உண்டு. இதற்கு மருந்தில்லை, நோயுற்ற செடியைக் கிழங்குடன் அகற்ற வேண்டும்.