தொடுதிரையில் டோடோ

அழிந்துபோன விலங்கு ஒன்றை அருங்காட்சியகத்தின் தொடுதிரையில் காட்ட முனைபவருக்கு முதலில் எழும் வினா கணினியைப் பற்றியதன்று. ‘இவ்வுயிரைப் பற்றி நாம் உறுதியாக அறிந்தது எவ்வளவு?’ என்பதே அவ்வினா.

டோடோவை எடுத்துக்கொள்வோம். மொரீசியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த இப்பறவை புறா இனத்தைச் சேர்ந்தது, பறக்க இயலாதது. 1598இல் டச்சு மாலுமிகள் அத்தீவில் இறங்கினர். அவர்கள் வேட்டையாடியதோடு, கப்பல்களில் வந்த எலிகளும் பன்றிகளும் முட்டைகளைத் தின்றன. நூறாண்டுகளுக்குள் அவ்வினமே அற்றுப்போயிற்று.

முழு உடலோடு பதப்படுத்தப்பட்ட டோடோ இன்று எங்கும் இல்லை. எலும்புகள், ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள உலர்ந்த தலை, பழைய ஓவியங்கள் ஆகியவையே முதன்மைச் சான்றுகள். ஐரோப்பிய ஓவியங்கள் பல அதனை மிகக் கொழுத்த பறவையாகக் காட்டுகின்றன. முகலாய அரசவை ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தையே ஆய்வாளர் பலர் உண்மைக்கு நெருங்கியதென மதிக்கின்றனர். இவ்விருவகை ஓவியங்களையும் திரையில் அருகருகே வைத்தால், பார்ப்பவரே ஒப்பிட்டு அறிவர்.

திரையில் முதலில் எலும்புக்கூடு தோன்றட்டும். தொடத் தொடத் தசையும் இறகும் அதன்மேல் படரலாம். எலும்பு சான்று; இறகின் நிறமோ பெரும்பாலும் ஊகம். ஆகவே ஊகத்தைப் புள்ளிக்கோடுகளால் வரைதல் நன்று. பொத்தான்கள் சிறுவர்க்கும் சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் எட்டும் உயரத்தில் அமைய வேண்டும்.

சிறுவர்கள் விரும்பித் தேடுவது குரல் பொத்தானை. டோடோவின் குரலோ ஒலிப்பதிவுக் கருவி தோன்றுவதற்கு முன்பே அடங்கிவிட்டது. வேறொரு பறவையின் குரலை அங்கே இடுவது எளிது. ஆனால் அது பொய். எனவே அப்பொத்தானை அழுத்தினால் ஒலி எழாது. ‘இக்குரல் நமக்குக் கிட்டவில்லை’ என்னும் ஒரு வரி மட்டும் தோன்றும்.