பாம்பு குடியிருக்கும் பானைகள்!
இருளர்களின் வித்தையைக் காப்பாற்றிய இடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், செல்போன் செய்கிறார்கள். இரவும் பகலும் வேலை நடக்கிறது.

முன்பு இங்கே பல இடங்களில் நெல் வயல்களும் ஏரிகளும் இருந்தன. வயல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு வரும். எலியையும் பாம்பையும் நம்பி வாழ்ந்த மக்கள் உண்டு. அவர்கள்தான் இருளர்கள். காஞ்சீபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் பழங்குடி மக்கள் இவர்கள்.

எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும். அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். பாம்பைப் பிடித்துக் கொடுத்தால் தோல் வியாபாரி காசு கொடுப்பார். பிழைப்பு இப்படி நடந்தது.

தொழில் போயிற்று

1972-ம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு பாம்புத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை போடப்பட்டது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இருளர் வீட்டு அடுப்பு அணைந்து போயிற்று.

பாம்பின் தடத்தைப் பார்த்தே, அது எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள் இருளர்கள். தந்தையிடமிருந்து மகன் கற்ற வித்தை அது. பெண்களும் கடப்பாரையோடு உடன் போவார்கள். இந்த அறிவுக்கு இனி வேலை இல்லை என்றால், அடுத்த தலைமுறைக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

கூட்டுறவுச் சங்கம்

அமெரிக்காவில் பிறந்து இந்தியராகிவிட்டவர் ரோமுலஸ் விட்டேக்கர். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர் இவரே. இருளர்களோடு காடு மேடெல்லாம் அலைந்தவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பாம்பைக் கொல்ல வேண்டாம். பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம் என்பதே அது.

1978-ம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்கு உள்ளேயே அதற்கு இடம் அமைந்தது. சங்கத்தில் சுமார் 350 பேர் உறுப்பினர்கள்.

இடம் என்றால் பெரிய மாளிகை அல்ல. நிழலுக்கு ஒரு கூரை. சுற்றிலும் சுவர் வைத்த ஒரு பள்ளம். வரிசை வரிசையாக மண் பானைகள். ஒவ்வொரு பானையின் வாயிலும் துணி கட்டியிருக்கும். உள்ளே பாம்பு!

ஏன் மண் பானை? வெயில் காலத்திலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வளையில் இருப்பது போலப் பாம்புக்கு இருட்டும் கிடைக்கும். ஊர்க் குயவர் செய்யும் பொருளே போதும், மின்சாரம் வேண்டாம். எத்தனை லட்சம் செலவழித்தாலும் இதைவிட நல்ல வீட்டைப் பாம்புக்குக் கட்ட முடியுமா?

விஷம் எடுப்பது எப்படி?

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கைத்தான் பிடிக்கிறார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் மெல்லிய ரப்பர் போன்ற உறையை இழுத்துக் கட்டுகிறார்கள். பாம்பு அதைக் கடிக்கும். விஷம் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விழும். சில வாரங்கள் வைத்திருந்து, சில முறை எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் தெரிய வேண்டும் அல்லவா?

விஷத்தைக் காய வைத்துப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் விவசாயியின் உடம்பில் ஏறும் மருந்துக்குப் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கக்கூடும்.

அமெரிக்கா போன இருவர்

2017-ம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அழைத்தது. அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான்! இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பெண்களுக்கும் ஓர் இடம் உண்டு. செங்கற்பட்டு அருகே தண்டரையில் இருளர் பெண்களின் சங்கம் 1986 முதல் நடக்கிறது. மூலிகை வளர்த்து மருந்து செய்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பழம்பொருளுக்கு ஊதியம் கிடையாது. வடநெம்மேலியில் வித்தைக்குக் கூலி கிடைக்கிறது. ஆனால் கவலையும் உண்டு. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் அரசாங்கம் அனுமதி தர வேண்டும். அனுமதி தாமதமானால் பானைகள் காலிதான். வயல்களோ குறைந்துகொண்டே வருகின்றன.

ஒரகடம் பக்கம் புதிய பேட்டைக்கு நிலம் அளக்கும்போது, ஏரிக்கரை ஓரமாகச் சில ஏக்கரை இந்த மக்களுக்கென்று விட்டுவைத்தால் என்ன? கூரையும் பானையும் அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

பார்க்க விரும்புகிறவர்கள் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறி, முதலைப் பண்ணை என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். பயம் வேண்டாம், பாம்பு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்!