பாட்டி சொன்னதை எழுதிய பிள்ளைகள்

1937 இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் கிராமத்துப் பள்ளிகளில் கட்டுரைப் பாடத்துக்கு வழக்கமில்லாத தலைப்புகள் வந்தன. ஊரில் புதையல் எங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள், கக்குவான் இருமலுக்கு என்ன கைமருந்து, பஞ்ச காலத்தில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் எழுத வேண்டும். பாடப் புத்தகத்தில் விடை கிடையாது. வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

திட்டம் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்துடையது. அதன் இயக்குநர் ஷேமஸ் ஓ டூலெர்கா. சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் சுமார் 50,000 மாணவர்கள், பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்காரர்கள், 1939 வரை எழுதினார்கள். இன்று அந்த நோட்டுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கின்றன.

இந்த வேலையின் அருமை புரிய 1922-க்குப் போக வேண்டும். அந்த ஜூன் மாதக் கடைசியில், உள்நாட்டுப் போரில், டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதியும் பல நூற்றாண்டுகளின் உயில்களும் சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலான கணக்குகளை அரசே முன்னதாக அழித்துவிட்டிருந்தது. ஆக, முப்பாட்டன் எந்த நிலத்தை உழுதான், பிள்ளைகளில் யார் கப்பலேறினார்கள் என்று கேட்டால் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த பேச்சுத்தான்.

அந்தப் பேச்சில் பெருமை மட்டும் இல்லை. 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சம் சுமார் பத்து லட்சம் பேரைக் கொன்றது. ஏறத்தாழ அதே அளவு மக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அப்போது சில இடங்களில் புராட்டஸ்டண்ட் மத ஊழியர்கள் சூப் கொடுத்து மதம் மாறச் சொன்னார்கள் என்பது கதை. வாங்கிக் குடித்தவர் வீட்டுக்கு 'சூப்பர்' என்ற வசைப்பெயர் ஒட்டிக்கொண்டது. பேரன் பேத்தி காலத்திலும் அது போகவில்லை. வாடகை கட்ட முடியாமல் துரத்தப்பட்டவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் குடும்பத்துக்கும் இதே கதிதான். நிலம் கைமாறலாம், பழி மாறாது. பஞ்சத்தைப் பற்றிய பதிவுகளில் இன்னொன்றும் கண்ணில் படும்: பசியில் செத்தவர் பெரும்பாலும் வழிப்போக்கராகவோ அடுத்த ஊர்க்காரராகவோ இருப்பார். சொந்த வீட்டுச் சாவைச் சொல்ல நாக்கு எழவில்லை. என் கணக்கில் அந்த மௌனமும் பரம்பரைச் சொத்துத்தான்.

நல்ல சொத்தும் உண்டு. படர்தாமரை, தீப்புண், சுளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டார் கைராசி பெற்றிருந்தார்கள். ஏழாவது மகனுக்கு ஏழாவதாகப் பிறந்த மகனுக்குத் தனி மதிப்பு. கட்டணம் பொதுவாக வாங்குவதில்லை. சில இடங்களில் நன்றி சொன்னாலே குணம் போய்விடும் என்று நம்பினார்கள். புதையல் கதைகளுக்கோ கணக்கே இல்லை. பூனையோ காளையோ காவலிருக்கும், தோண்டப் போனவன் பயந்து ஓடிவருவான். எடுத்தவனைக் காண்பதுதான் அரிது.

கடைக்காரர்கள் கட்டிவிட்ட பரம்பரைக் கதையும் இருக்கிறது. ஆரன் தீவுக் கம்பளிச் சட்டையில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டு, கடலில் செத்தவனை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லி விற்கிறார்கள். அந்தச் சட்டையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவெடுத்தது. ஜான் மில்லிங்டன் சிங்கின் 1904 நாடகத்தில் இறந்தவனின் காலுறையில் விட்டுப்போன கண்ணிகளை எண்ணித் தங்கை அடையாளம் காண்கிறாள். அதன்மேல் எழுந்த கட்டடம் இது. ஒரு கிராமத்துப் பாட்டி இப்படிச் சொல்லியிருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது மறுத்திருப்பார்கள்.

கதையும் பொருளும் சேர்ந்தே கைமாறியதற்குப் பெரிய சாட்சி புனித பேட்ரிக்கின் மணி. பார்த்தால் இரும்புத் தகட்டை மடித்துச் செய்த கைமணி, வெண்கலப் பூச்சு, அவ்வளவுதான். 1100 வாக்கில் அதற்குப் பொன்னும் வெள்ளியும் இழைத்த உறை செய்தார்கள். செய்வித்த அரசன், செய்த கொல்லன் பெயர்களோடு, மணியைக் காத்த கதலான் ஊ மாய்ல்கல்லானின் பெயரையும் அதில் பொறித்தார்கள். அந்தக் குலத்தார்தான் பின்னாளைய முல்ஹாலண்டுகள். இடையில் காவல் வேறு குடும்பத்துக்குப் போய்த் திரும்பியதாகத் தெரிகிறது. கடைசிக் காவலர் ஹென்றி முல்ஹாலண்ட் ஒரு பள்ளி ஆசிரியர். மணியைத் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்த அவர், பழைய மாணவரான பெல்ஃபாஸ்ட் வணிகர் ஆடம் மக்லீனிடம் இடத்தைச் சொல்லி ஒப்படைத்தார். மணியும் உறையும் இன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

மாணவர் நோட்டுகளையும் இப்போது இணையத்தில் படிக்கலாம். ஊர்ப்பெயரைக் கொடுத்தால் பக்கம் வரும். கதை சொன்னவரின் பெயரும் வயதும் பல பக்கங்களில் எழுதியிருக்கும். 1937-இல் எண்பது வயதானவர் 1857-இல் பிறந்தவர். பஞ்சத்தைத் தாண்டி வந்த பெற்றோரின் வாயால் கேட்டவர். திட்டம் 26 மாவட்டங்களில்தான் நடந்தது. பிரிட்டனோடு இருந்துவிட்ட வடக்கின் ஆறு மாவட்டங்களில் எந்தப் பள்ளியும் இதில் இல்லை.